பழைய கார், ஹாட் ராட்: அலங்கார சீட் தையல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காரின் பெயிண்டைப் பத்தடி தள்ளி நின்று ரசித்துவிட்டுப் போய்விடலாம். சீட்டை அப்படி விட முடியாது. அதன் மேல் உட்கார்ந்து பயணம் போக வேண்டும். படத்தில் அழகாகத் தெரிந்த வேலை முதல் மழையிலோ முதல் நீண்ட பயணத்திலோ பல்லிளித்தால், பெரும்பாலும் கோளாறு மேலுறைக்குக் கீழேதான் இருக்கும். அதனால் இங்கே அந்தக் கீழ்ச் சமாசாரத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வண்டி கட்டுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இந்தக் கேள்விகள்.

விண்டேஜ், ஹாட் ராட், கஸ்டம்: மூன்றுக்கும் சீட் வேலை ஒன்றுதானா?

கை வேலை ஒன்றுதான், நோக்கம் வேறு. விண்டேஜ் காரை மீட்டெடுப்பவருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எந்தத் துணி, எத்தனை மடிப்பு, எந்த நிறப் பைப்பிங் (தையல் ஓரத்தில் புடைத்துத் தெரியும் உருண்டை நாடா) இருந்ததோ அதே வேண்டும். அங்கே தைப்பவரின் கற்பனைக்கு வேலையில்லை.

ஹாட் ராட் வேகத்துக்குப் பிறந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களிலேயே பழைய ஃபோர்டுகளைப் பிரித்து, எடையைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மட்கார்டையே கழற்றி எறிந்தவர்கள் சீட்டுக்கு எவ்வளவு செலவு செய்திருப்பார்கள்? உட்கார ஒரு பலகை, அதன் மேல் கொஞ்சம் மெத்தை, அவ்வளவுதான்.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1948-ல் ‘ஹாட் ராட்’ பத்திரிகை வந்தது. 1950-ல் ஓக்லாந்தில் ரோட்ஸ்டர் எனப்படும் கூரையில்லாத கார்களுக்கான கண்காட்சி தொடங்கி, அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டருக்கு விருது என்றார்கள். நடுவர்கள் கதவைத் திறந்து பார்க்க ஆரம்பித்ததும் டிக்கியின் உட்புறம், பானெட்டின் அடிப்புறம் எல்லாம் மடிப்பு மடிப்பாகத் தைக்கப்பட்டன. இன்னொரு பக்கம் 1949 முதல் 1951 வரை வந்த மெர்குரி போன்ற கனத்த கார்களின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, ஓடும் வரவேற்பறையாக மாற்றினார்கள். அதுதான் கஸ்டம். அங்கே சீட் வேலைக்கு வானமே எல்லை.

டக் அண்ட் ரோல் என்கிறார்களே, அது சரியாக என்ன?

பக்கத்தில் பக்கமாகப் படுத்திருக்கும் குண்டுக் குழாய்கள் போன்ற மடிப்பு வரிசை. சேலைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொசுவத்துக்குள்ளும் பஞ்சு அடைத்திருப்பதாக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட அதுதான்.

செய்முறை இப்படி. மேலுறையின் பின்பக்கம் சம இடைவெளியில் கோடுகள் போடுவார்கள், 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அடித்துணியிலும் கோடுகள், ஆனால் நெருக்கமாக, 2 அங்குலத்துக்கு ஒன்று. மேல் கோட்டை அடிக்கோட்டின் மேல் வைத்து, அந்தக் கோட்டிலேயே மேலுறையை மடித்து, மடிப்பின் விளிம்பை ஒட்டித் தைப்பார்கள். விரித்துவிட்டால் நூல் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், அதுதான் ‘டக்’. மேலே 3, கீழே 2 என்பதால் நடுவில் ஒரு குழாய் உருவாகிறது. அதற்குள் நீளமான தகட்டு உறை ஒன்றின் உதவியால் பஞ்சைச் செலுத்தி, உறையை மட்டும் உருவி எடுப்பார்கள். பஞ்சு உள்ளேயே தங்கிவிடும், அதுதான் ‘ரோல்’.

இப்போது பெரும்பாலும் செய்வது எளிய வழி. அரை அங்குல ஃபோம் தாளின் மேல் உறையைப் போட்டு, கோடு கோடாகத் தைத்துவிடுகிறார்கள். வேகமாக முடியும், எல்லா மடிப்பும் ஒரே சீராக இருக்கும். ஆனால் பஞ்சு அடைத்த ரோலின் அந்தப் புடைப்பு இதில் வராது. 1950களின் தோற்றம் வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம் இரண்டின் மாதிரித் துண்டையும் கையில் கொடுத்துவிடுவேன். தொட்டுப் பார்த்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. கூரையில்லாத ரோட்ஸ்டருக்குப் பஞ்சு வேண்டாம். மழைநீர் தையல் துளை வழியாகக் குழாய்க்குள் இறங்கினால் வெளியே வராது. பஞ்சு அழுகும், அடித்துணி மட்கும், நாற்றம் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

டிஹுவானா பற்றிய கதைகள் உண்மையா?

அடிப்படை உண்மை. 1950, 60களில் தெற்குக் கலிஃபோர்னிய இளைஞர்கள் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவுக்கு ஓட்டிப்போய் டக் அண்ட் ரோல் தைத்துக்கொண்டு வந்தார்கள். சான் டியேகோவிலிருந்து பக்கம்தான். தங்கள் ஊர்க் கடைகள் கேட்டதில் ஒரு பங்கு காசுதான் அங்கே ஆனது. கடைக்காரர்கள் ஒரு வண்டியைப் பல பேராகச் சூழ்ந்துகொண்டு வேலை செய்வார்கள். காலையில் விட்ட காரை அன்றைக்கே ஓட்டிக்கொண்டு திரும்பியவர்களும் உண்டு. ஊருக்குத் திரும்பியதும் உள்ளே வைக்கோல் இருந்தது, குதிரைச் சாணம் இருந்தது, பழைய செய்தித்தாள் இருந்தது என்று கதைகள் கிளம்பும். அவற்றில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பேச்சு ருசிக்காகச் சேர்த்தது என்பது சொன்னவருக்கே வெளிச்சம்.

மலிவுக்காகப் போனார்கள் என்பதோடு இந்தக் கதையை நிறுத்திவிடுவது நியாயமில்லை. ஒரே நாளில் ஒரு முழு சீட்டுக்கு மடிப்புத் தைத்து, நேர்க்கோடு பிசகாமல் மாட்டிக் கொடுக்க எவ்வளவு கை வேகம் வேண்டும் என்பது தைத்துப் பார்த்தவருக்குத் தெரியும். நல்ல கடையும் இருந்தது, ஏமாற்றும் கடையும் இருந்தது, எல்லா ஊரையும் போல.

மடிப்பு எவ்வளவு அகலம் இருக்கலாம்? எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது?

ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் வரை என்பது வழக்கம். சிறிய ரோட்ஸ்டருக்கு ஒடுக்கமான மடிப்பு நன்றாக இருக்கும். அகலமான பெஞ்ச் சீட்டில் அதே ஒடுக்கமான மடிப்பைப் போட்டால் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

எண்ணுவது எப்போதும் நடுவிலிருந்து. சீட்டின் சரிநடுவில் ஒரு மடிப்பின் முதுகு வருகிறதா, அல்லது ஒரு தையல் பள்ளம் வருகிறதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எது வந்தாலும் சாய்மானத்திலும் அதுவே வர வேண்டும். உட்காரும் மெத்தையின் மடிப்பும் சாய்மானத்தின் மடிப்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் கோடு விட்டுப்போனால், கண் அங்கேதான் போய் நிற்கும். பின் சீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

அப்புறம் சுருக்கம். ஃபோமோடு சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு தையலும் கொஞ்சம் அகலத்தைத் தின்னும். எவ்வளவு என்பது ஃபோமின் தடிமனையும் நூலின் இறுக்கத்தையும் பொறுத்தது. பொதுவான ஒரு கணக்கு இதற்குக் கிடையாது. 40 மி.மீ. இடைவெளியில் 10 மடிப்புகளை ஒரு துண்டில் தைத்து அளந்து பாருங்கள். 400 இருக்க வேண்டியது 365 வந்தால் மடிப்புக்கு 3.5 மி.மீ. போகிறது. 30 மடிப்புள்ள பெஞ்ச் சீட்டில் அது 105 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட ஒரு கையகலம். ஆரம்ப காலத்தில் நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு சாய்மானத்தை முழுவதுமாகத் தைத்து முடித்தேன். மாட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு விரல் குறைகிறது. வேறு நிறத்தில் இரண்டு ஓரப்பட்டை சேர்த்து ஒப்பேற்றினேன். அந்தப் பட்டை எவ்வளவு அழகு என்று பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

டயமண்ட், பிஸ்கட், பொத்தான் வைத்த சீட்: எது எந்த வண்டிக்கு?

பொத்தான் வைத்துக் குழித்த தையல் கார்களுக்கு முன்பே குதிரை வண்டிகளில் இருந்தது. முதல் கார்களைக் கட்டியவர்களில் பலர் குதிரை வண்டி செய்தவர்கள், அதனால் பித்தளை விளக்கு வைத்த காலத்துக் கார்களில் அது இயல்பாகவே வந்தது. குதிரைமுடியையோ பஞ்சையோ அது நகர்ந்துவிடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் பொத்தான். அழகு பின்னால் ஒட்டிக்கொண்டது.

பொத்தான்கள் சாய்சதுரமாக அமைந்தால் டயமண்ட், நேர்ச் சதுரமாக அமைந்தால் பிஸ்கட். உண்மையான டயமண்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் இடையே தோலைக் கையால் மடித்து வைக்க வேண்டும், உழைப்பு அதிகம். ஃபோமின் மேல் குறுக்குக் கோடு தைத்துவிட்டு டயமண்ட் என்று சொல்லும் வேலையும் இருக்கிறது. தவறில்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே கூலி கொடுக்காதீர்கள்.

1930களின் ஃபோர்டு கூபேயில் டயமண்ட் வைத்தால் எனக்கு உறுத்தும். 1960களின் ஷோ கார் என்றால், தாராளமாக.

ரெக்ஸினா, தோலா, துணியா?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ரெக்ஸின் என்பது இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் பெயர். துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிய சரக்கு அது. இன்று நாம் ரெக்ஸின் என்று வாங்குவதெல்லாம் பி.வி.சி. பூசிய வினைல். அமெரிக்கர்கள் இதையே நாகஹைட் என்பார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் நாகடக் ஊரில் யு.எஸ். ரப்பர் கம்பெனி உருவாக்கியதால் அந்தப் பெயர். 1960களில் ‘நாகா’ என்று ஒரு கற்பனைப் பிராணியையே விளம்பரத்தில் விட்டார்கள், தோலை அதுவாகவே உரித்துக் கொடுக்குமாம்!

ஹாட் ராட் மரபு என்று பார்த்தால் வினைல்தான் அசல். பஞ்சு ரோலின் புடைப்பைப் பிடித்து நிறுத்தும், துடைத்தால் போதும், முத்து மினுக்கும் ஜிகினா மினுக்கும் இதில்தான் கிடைக்கும். நடுவில் ஒட்டு இல்லாமல் 54 அங்குல அகலச் சுருளாக வருவதால் கணக்குப் போடுவதும் சுலபம். அதன் எதிரி வெயில். வினைலை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வருஷக்கணக்கில் வெளியேறி, கடைசியில் விறைத்து வெடிக்கும். திறந்த வண்டிக்குப் படகுகளுக்கென்று வரும் வினைலை வாங்குங்கள்.

தோலின் கணக்கு வேறு. மாடு சதுரமாகப் பிறப்பதில்லை. வயிற்றுப் பக்கம் இழுபடும், கழுத்துப் பக்கம் சுருக்கம் இருக்கும், முள்வேலி கீறிய தழும்பு எங்காவது நட்டநடுவில் இருக்கும். ஒரு கஜம் துணிக்கு ஈடாகப் பரப்பளவின்படி பார்த்தால் 13.5 சதுர அடிதான் வரும், ஆனால் வெட்டுச் சேதத்தைச் சேர்த்து 18 சதுர அடி தோல் வாங்குவார்கள். மடிப்பு அதிகமான வடிவத்துக்குத் தோல் இன்னும் அதிகம் கேட்கும்.

துணி? 1930, 40களின் மூடிய கார்களில் மோஹேர், பெட்ஃபோர்டு கார்டு போன்ற கம்பளித் துணிகள் இருந்தன. அமைதியான ஒரு வண்டிக்கு இவற்றைவிடப் பொருத்தமானது இல்லை.

வெல்வெட்டை விட்டுவிட்டீர்களே?

அதற்குத் தனி இடம் வேண்டும். தரையை ஒட்டித் தாழ்த்தி, அலங்கரித்து, மெதுவாக ஓட்டிக் காட்டும் கார்களான லோரைடர் உலகத்தின் அரசி அது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் இம்பீரியல்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஹெசுஸ் வலாதெஸ் கட்டிய ‘ஜிப்ஸி ரோஸ்’ என்ற 1964 ஷெவர்லே இம்பாலாவைப் பாருங்கள். வெளியே இளஞ்சிவப்பின் மேல் கையால் வரைந்த ரோஜாக்கள். உள்ளே இளஞ்சிவப்பு வெல்வெட், தொங்கும் சரவிளக்கு. 2017-ல் அதை வாஷிங்டனின் நேஷனல் மால் திடலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் நியூ மெக்சிகோவின் சிமாயோவிலிருந்து வந்த 1969 ஃபோர்டு எல்.டி.டி. ஒன்று இருக்கிறது, ‘டேவ்ஸ் ட்ரீம்’ என்று பெயர். அதன் உள்ளே சிவப்பு வெல்வெட்.

வெல்வெட் தைக்கும்போது ரோம வாட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு துண்டு மேல்நோக்கியும் பக்கத்துத் துண்டு கீழ்நோக்கியும் வெட்டப்பட்டால், ஒரே தானில் எடுத்த துணியே இரண்டு நிறமாகத் தெரியும். வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் அம்புக்குறி போடுங்கள். தைக்கும்போது இரண்டு ரோமப் பரப்புகள் ஒன்றன் மேல் ஒன்று நழுவும், அதனால் ஊசி குத்திப் பிடித்துக்கொள்வதற்குப் பதில் ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டுக்கொள்வது நல்லது.

சீட் பார்க்க அருமையாக இருக்கிறது, ஒரு மணி நேரம் ஓட்டினால் இடுப்பு போகிறது. ஏன்?

ஃபோம். இல்லையென்றால் ஃபோமுக்குக் கீழே.

ஃபோம் வாங்கும்போது அடர்த்தி, கடினம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது. ஃபோம் எவ்வளவு நாள் உழைக்கும் என்று அது சொல்லும். கடினம் என்பது அழுத்தினால் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. அடர்த்தி குறைந்த, ஆனால் கடினமான ஃபோம் கடையில் அழுத்திப் பார்க்கும்போது நம்பிக்கையாக இருக்கும், ஆறு மாதத்தில் தட்டையாகிவிடும். உட்காரும் இடத்துக்கு 40 முதல் 50 கிலோ அடர்த்தியில் எடுங்கள். கீழே கடினமானது, அதன் மேல் நடுத்தரம், எல்லாவற்றுக்கும் மேல் அரை அங்குலம் மென்மையானது என்று அடுக்குங்கள். பக்கவாட்டு மேடுகளை மின்சார ரொட்டிக் கத்தியால் செதுக்கலாம். அதற்கென்று விற்கும் கருவியைவிட அது ஒன்றும் மோசமில்லை.

ஸ்பிரிங் உள்ள பழைய சீட்டில் ஃபோமை நேராக ஸ்பிரிங் மேல் வைக்காதீர்கள், கம்பி அதை ரம்பம் போல அறுக்கும். நடுவில் சாக்குத் துணி வேண்டும், அதை ஸ்பிரிங்கோடு ஹாக் ரிங் எனப்படும் கம்பி வளையத்தால் கவ்வ வேண்டும். உடைந்த ஸ்பிரிங் ஒன்றிரண்டு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மேலே எத்தனை அங்குலம் ஃபோம் போட்டாலும் பள்ளம் பள்ளம்தான்.

ஹாட் ராடில் இன்னொரு சிக்கல் உயரம். கூரையை 3 அங்குலம் வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். பாடியைச் சட்டத்தின் மேல் இறக்கிப் பொருத்தியிருந்தால் தரையும் மேலே வந்திருக்கும். இருக்கிற இடம் அப்படியே சுருங்கிவிட்டது, ஆனால் ஓட்டுபவரின் முதுகு சுருங்கவில்லை. அதனால் மேலுறைக்கு அளவெடுக்கும் முன்னால் வெறும் ஃபோமை வெட்டி வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, கிளட்சை முழுவதும் மிதித்து, கண்ணாடி வழியாக என்ன தெரிகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வீட்டுத் தையல் மெஷினில் தைக்க முடியுமா?

மாதிரி உறையைப் பழைய பருத்தித் துணியில் தைத்துப் பார்க்க முடியும், அதற்கு அது போதும். அசல் வேலைக்கு வாக்கிங் ஃபுட் மெஷின் வேண்டும். அதில் கீழ்ப் பல், ஊசி, மேல் பாதம் மூன்றும் சேர்ந்து துணியை நகர்த்தும். சாதாரண மெஷினில் கீழ்ப்பல் மட்டும் இழுப்பதால் அடித்துணி முன்னே போகும், வினைல் பின்தங்கும். ஒரு மீட்டர் தைத்து முடிப்பதற்குள் மேலும் கீழும் ஒரு விரல் வித்தியாசம் வந்துவிடும். பழைய சிங்கர் 111 வரிசை மெஷின்கள் இன்றைக்கும் இந்த வேலையை அலட்டாமல் செய்கின்றன.

நூல் விஷயத்தில் நைலான் வலிமையானது, ஆனால் வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். திறந்த வண்டிக்குப் பாலியஸ்டர். உள் தையலுக்கு 92 எண், வெளியே தெரிய வேண்டிய அலங்காரத் தையலுக்கு 138 எண். தையலின் நீளம் 4 மி.மீ. அளவில் இருக்கட்டும். நுணுக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைத்துச் சிலர் நெருக்கிவிடுவார்கள். வினைல் தபால்தலை ஓரம் போலத் துளைபட்டு, ஒரு நாள் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

கதவுப் பலகைக்கு எதைப் பயன்படுத்துவது?

பழைய கார்களில் தார் பூசிய அட்டை இருந்தது. கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு, அதனால் அட்டை அலை அலையாக வளைந்துவிடும். ஹார்டுபோர்டும் ஊதும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தகடோ நல்ல 3 மி.மீ. பிளைவுட்டோ போடுங்கள், பின்னால் கதவின் துளைகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் கைப்பிடி, கண்ணாடி சுழற்றி இரண்டையும் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். மடிப்பின் புடைப்பில் முழங்கை அல்லது கைப்பிடி இடிப்பது அடிக்கடி நடக்கும். இன்னொன்று, சீட்டின் மடிப்புகள் மேலிருந்து கீழாக ஓடினால் கதவிலும் அதே போக்கில் ஓடட்டும். வெளியே பாடியின் பக்கவாட்டில் ஒரு கோடு உடல் நீளத்துக்கு ஓடினால், கதவுப் பலகையின் மேல் பட்டை அந்த உயரத்திலேயே அமைந்தால், கதவு திறக்கும்போது வெளியும் உள்ளும் ஒரே கோடாகத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, பிடித்துப்போகும்.

கூரையின் உள்துணியை நானே மாட்டலாமா?

பொறுமை இருந்தால் மாட்டலாம். கூரைக்கு குறுக்கே வளைந்த கம்பிகள் இருக்கும், ஒவ்வொன்றின் வளைவும் வேறு. கழற்றும்போதே எண் போட்டு வையுங்கள். துணியை நடுக் கம்பியிலிருந்து ஆரம்பித்து, முன்னும் பின்னும் இழுத்த பிறகுதான் பக்கங்களுக்குப் போக வேண்டும். ஓரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். சின்னச் சுருக்கங்கள் நீராவியில் போய்விடும்.

கூரையைப் பற்றிப் பேசும்போது கார்சன் டாப்பைச் சொல்லாமல் விட முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் கார்சன் டாப் ஷாப் 1930களில் உருவாக்கிய மெத்தை வைத்த கூரை அது. மடக்க முடியாது, வேண்டாமென்றால் முழுதாகத் தூக்கிக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். வழியில் மழை வந்தால் நனைய வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாழ்ந்த, வழுவழுப்பான கோட்டுக்காக அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

விமான சீட்டையும் மெக்சிகன் போர்வையையும் போடுகிறார்களே, அது அலங்காரமா, சிக்கனமா?

சிக்கனமாகத் தொடங்கி அலங்காரமாக முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவ உபரிச் சரக்கில் அலுமினிய விமான சீட்டுகள் மலிவாகக் கிடைத்தன. எடை குறைக்க அவற்றில் வட்டத் துளைகள் போட்டிருப்பார்கள். அதையே இன்று புதிதாகச் செய்து விற்கிறார்கள், துளையும் சேர்த்துத்தான். கிழிந்த சீட்டை மறைக்கப் போட்ட வண்ணக் கோட்டுப் போர்வைக்கும் அதே கதை. போர்வையை உறையாகத் தைப்பதாக இருந்தால் பின்னால் ஒரு உறுதியான துணி ஒட்டிக்கொள்ளுங்கள், அதன் நெசவு தளர்வானது.

என் காரில் அசல் சீட் துணி கிழிந்தபடி இருக்கிறது. எடுத்து எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். வண்டி அரிதானதாக இருந்து, துணி ஓரளவு தாங்கினால், அதைத் தொடாமல் விடுவதே பலருக்கு லாபம். தேய்ந்த அசலுக்கு இருக்கும் மதிப்பு பளபளப்பான புதுசுக்கு வருவதில்லை. மாற்றியே தீர வேண்டும் என்றால், பிரிக்கும் முன் படம் எடுங்கள், தையல் தையலாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் இடம், திசை எழுதி வையுங்கள். புது உறைக்கு அதுதான் பேட்டர்ன். சாய்மானத்துக்குக் கீழே, சூரியன் படாத மடிப்பில் அசல் நிறம் ஒளிந்திருக்கும், அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி கட்டும் வரிசையில் சீட் வேலை எப்போது வர வேண்டும்?

இரண்டு தடவை வர வேண்டும். பெயிண்டுக்கு முன் ஒரு தடவை: சீட் சட்டம், அதைத் தாங்கும் பிடிகள், பெல்ட் கொளுவும் இடங்கள், பலகைகளுக்கான திருகு துளைகள். பெயிண்ட் அடித்த பிறகு வெல்டிங் தேவைப்பட்டால் அழுகைதான் வரும். எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு தடவை: வயரிங், ஒலி அடக்கும் பாய், கூரைத் துணி, அப்புறம் கண்ணாடி, பிறகு தரை விரிப்பு, கடைசியில் சீட். ரப்பர் பட்டையில் கண்ணாடி நிற்கும் பழைய கார்களில் கூரைத் துணியின் ஓரம் அந்த ரப்பருக்கு அடியில் போகும், அதனால் கூரைத் துணிக்கு முன்னால் கண்ணாடியை மாட்டிவிடாதீர்கள். பேட்டரி, ஃபியூஸ், பெட்ரோல் அளவி இவற்றை எட்டுவதற்குத் திறக்கும் மூடி வைத்திருக்கிறீர்களா என்று விரிப்பு ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறதா?

கண்டதையும் வாங்கிப் போட்டால் இருக்கிறது. அமெரிக்காவில் 302 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு விதிப்படி, புதிய வண்டியின் உட்புறப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது. வாகனங்களுக்கென்று விற்கும் வினைலும் ஃபோமும் இந்த மாதிரித் தரத்துக்குச் சோதிக்கப்பட்டவை. வீட்டு சோஃபாவுக்கு வாங்கிய துணி அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும் வண்டிகளில் இது சின்ன விஷயம் இல்லை.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முடித்த வண்டியின் படத்தைப் பார்க்காதீர்கள், மூன்று வருஷம் ஓடிய வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். மூலைகளைப் பாருங்கள், பைப்பிங் வளையும் இடத்தில் அலை இருக்கிறதா என்று. சீட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஹாக் ரிங்குகள் ஒழுங்கான இடைவெளியில் இருந்தால், உள்ளேயும் ஒழுங்கு இருக்கும். எந்தப் பசை என்று கேளுங்கள். வெயிலில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும், சாதாரண ஸ்பிரே பசை அதில் இளகி, துணி தொங்கும்.

இந்தத் தொழிலில் பேர் வாங்கியவர்களில் டோனி நான்சியும் ஒருவர். கலிஃபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் கடை வைத்துச் சீட் தைத்தவர், அதோடு டிராக் ரேஸ் எனப்படும் நேர்ப்பாதைப் பந்தயம் ஓட்டியவர். ‘தி லோனர்’ என்று பட்டப்பெயர். ஓட்டத் தெரிந்தவர் தைத்த சீட்டில் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும் என்பது என் கட்சி. ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் தைத்த சீட்டில் அவர் எவ்வளவு தூரம் பயணம் போயிருக்கிறார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளை சீட்டில் நீலக் கறை வந்துவிட்டது. போகுமா?

ஜீன்ஸ் சாயம். அன்றைக்கே மென்மையான சோப்பு நீரால் துடைத்தால் பெரும்பாலும் போகும். நாள்பட்டால் சாயம் வினைலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் தின்னர் போட்டுத் தேய்த்தால் கறையோடு மினுமினுப்பும் போகும். முத்து வெள்ளை கேட்பவர்களிடம் புது ஜீன்ஸ் போட்ட நண்பர்களை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

பளபளப்புக்காக சிலிகான் பாலிஷ் பூசாதீர்கள். சீட் வழுக்கும், பெல்ட் இல்லாத பழைய வண்டியில் வளைவில் திரும்பும்போது நீங்கள் பக்கத்து சீட்டில் இருப்பீர்கள். மடிப்புப் பள்ளங்களில் சேரும் தூசிக்கு மென்மையான பல் துலக்கும் பிரஷ் போதும்.

குளிர்காலம் முழுவதும் வண்டி நிற்கப்போகிறது. என்ன செய்வது?

எலிதான் முதல் கவலை. பஞ்சும் குதிரைமுடியும் அதற்குத் தயாராகக் கட்டிய வீடு. உள்ளே தின்பண்டத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் துடைத்து, தரையில் இருக்கும் துளைகளை அடைத்து, வண்டிக்கு வெளியே பொறி வையுங்கள். விஷம் வேண்டாம், சீட்டுக்குள் போய்ச் செத்தால் முழுதும் பிரிக்க வேண்டியிருக்கும். கம்பளித் துணி இருந்தால் அந்துப்பூச்சிக்கும் ஏதாவது செய்து வையுங்கள். கண்ணாடியை ஒரு விரல் திறந்து வைத்து, காற்றுப் போகும் உறையால் மூடுங்கள். மாதம் ஒரு முறை கதவைத் திறந்து மோந்து பாருங்கள். எலி வந்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரியும்.